தாய்ச்சியில் நிற்கும் நிலை: முழங்கால் ஏன் வலிக்கிறது, இடுப்பு எங்கே மடிய வேண்டும்

அக்கா, மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் உங்கள் கேள்வியின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பினாங்கில் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பக்கத்திலுள்ள தாவரவியல் பூங்காவில், சீனத் தற்காப்புக் கலையான தாய்ச்சியைக் காலை நேரத்தில் பழகும் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறீர்கள். வயது 58. ஓய்வு பெற்ற ஆசிரியை. யோகா பழக்கம் உண்டு, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும் உண்டு. சிஃபு (ஆசிரியர்) அசைவுகளைச் சொல்லித் தராமல், மரத்தைக் கட்டிப்பிடித்தது போலக் கைகளை வட்டமாக வைத்து நிற்கச் சொல்கிறார். அவருக்குத் தெரிந்தது ஹொக்கியன் என்ற சீன மொழியும் கொஞ்சம் மலாயும். "சோங், சோங்" என்கிறார், தோளைத் தொட்டு "லெப்பாஸ்" (மலாயில் 'விடு') என்கிறார். உங்களுக்கோ முழங்கால் வலிக்கிறது, தோளும் தொடையும் நடுங்குகின்றன. பக்கத்தில் நிற்கும் ஆண்ட்டி உள்ளங்கையில் 'சீ' (உயிர்ச்சக்தி) சூடாக ஓடுகிறது என்கிறார், உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. நிற்பது சரிதானா, எந்த நடுக்கம் சரி, எவ்வளவு நேரம் நிற்பது, தொடரலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

தொடரலாம். நடுக்கம் இயல்பு. சீ தெரியாதது குறையே இல்லை. முழங்கால் வலி மட்டும் இன்றைக்கே சரிசெய்ய வேண்டியது. வலியைத் தாங்கி நின்றால் சக்தி வளரும், அடைப்பு திறக்கும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். முழங்கால் வலி என்பது அநேகமாக எடை தவறான இடத்தில் இறங்குகிறது என்ற செய்தி. அது எங்கே இறங்க வேண்டும் என்பதைத்தான் இந்தப் பதிலில் அதிகம் பேசப் போகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு தானாக வரும்.

உங்கள் சிஃபு ஏன் முதலில் நிற்க வைக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டால் பொறுமை வரும். அசையாமல் நின்று பழகும் பயிற்சிக்கு ஜான் ஜுவாங் என்று பெயர். சீனத் தற்காப்புக் கலைகள் பலவற்றில் இது பழங்காலம் தொட்டு இருந்தாலும், நிற்பதையே பயிற்சியின் மையமாக ஆக்கியவர் வாங் ஷியாங்ஜாய் (1885–1963). அவர் ஷிங்யி என்ற தற்காப்புக் கலை மரபில் வளர்ந்து யீச்சுவான் என்ற கலையை உருவாக்கியவர், தாய்ச்சிக்காரர் அல்ல. ஆனால் இன்று தாய்ச்சிக் குழுக்களில் காணும் 'மரத்தைக் கட்டிப்பிடிக்கும்' நிலைக்கு அவர் மரபின் தாக்கம் நிறைய. தாய்ச்சிக்கு என்று சொந்தமாக உள்ளது வூஜி நிலை. கைகள் பக்கவாட்டில் தொங்க, எடை இரு காலிலும் சமமாக, அசைவு தொடங்குவதற்கு முன்பு நிற்கும் நிலை அது. என்னைக் கேட்டால் புதியவர்கள் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். காரணத்தைத் தோளைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

உங்கள் சிஃபு ஓயாமல் சொல்லும் 'சோங்', இறுக்கத்தை விடச் சொல்லும் அழைப்பு. அதற்கு மலேசியாவில் ஒரு தனி வரலாறு உண்டு. தாய்ச்சியின் யாங் பாணியைத் தந்த யாங் குடும்பத்து யாங் செங்ஃபூ (1883–1936) தாய்ச்சியின் பத்து முக்கிய விதிகளைச் சொல்ல, மாணவர் சென் வெய்மிங் எழுதி வைத்தார். உச்சந்தலை மெல்ல நிமிர்ந்திருக்க வேண்டும், நெஞ்சு தளர்ந்து முதுகு உயர வேண்டும், இடை தளர வேண்டும், தோள் இறங்கி முழங்கை தொங்க வேண்டும் என்பவை அவற்றில் நிற்கும் நிலையைப் பற்றியவை. யாங் செங்ஃபூவின் இன்னொரு மாணவர் செங் மான்சிங் (1902–1975) தைவானில் கற்பித்தார். அவரிடம் கற்ற ஹுவாங் ஷிங்ஷியான் (1910–1992) 1950-களில் சிங்கப்பூர் வந்து, பிறகு மலேசியாவில் பரவலாகக் கற்பித்தார். 1970-ல் கூச்சிங்கில், 60 வயதில், லியாவ் என்ற மல்யுத்த வீரரை 26–0 என்று வென்றதை இன்றும் பழைய மாணவர்கள் சொல்லக் கேட்கலாம். மலேசியாவில் பல குழுக்கள் இந்த மரபைச் சேர்ந்தவை. எல்லாவற்றுக்கும் முன்னால் தளர்வு என்பது அவர்கள் பிடிவாதம். உங்கள் சிஃபு எந்த மரபு என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் அவர் உங்களைச் சும்மா நிற்க வைக்கவில்லை.

இனி உடம்புக்கு வருவோம். பாதத்தில் தொடங்குகிறேன்.

இரு பாதங்களும் தோள் அகலத்தில், ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். தோள் அகலம் என்றால் தோளின் வெளிவிளிம்பு வரை என்று எடுத்துக்கொண்டு பலர் காலை மிகவும் அகட்டி விடுகிறார்கள். குதிகால்கள் தோள்மூட்டுக்கு நேர் கீழே வந்தால் போதும். பெருவிரல்கள் வெளிப்பக்கம் திரும்பி நிற்பது நமக்கு நெடுநாள் பழக்கம் என்பதால், பாதங்களை இணையாக வைத்தால் முதலில் விரல்கள் உள்பக்கம் திரும்பியது போலத் தோன்றும். குனிந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இடுப்பு மூட்டின் அமைப்பு எல்லோருக்கும் ஒன்றல்ல, ஆகவே இணையாக வைத்ததும் முழங்காலில் முறுக்கம் தெரிந்தால் விரல்களைச் சற்றே வெளியே திருப்பிக்கொள்ளலாம், தவறில்லை.

எடை பாதத்தில் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். பெருவிரலின் அடிமேடு, சிறுவிரலின் அடிமேடு, குதிகால் ஆகிய மூன்றிலும் தரையின் தொடுகை தெரிய வேண்டும். சீன மருத்துவம் உள்ளங்காலின் முன்பகுதியில், விரல்களுக்குப் பின்னால் உள்ள குழிவை யோங்சுவான் என்கிறது. சிஃபுக்கள் "யோங்சுவான் வழியே வேர் விடு" என்று சொல்வது அந்த இடத்தைத்தான். ஆனால் அதைக் கேட்டு எடை முழுவதையும் முன்பாதத்துக்குத் தள்ளிவிடக் கூடாது. விரல்கள் தரையைக் கவ்வத் தொடங்கினால் நீங்கள் முன்னால் சாய்ந்துவிட்டீர்கள் என்று பொருள். குதிகாலிலேயே நின்றால் கணுக்காலின் முன்பக்கத் தசைநார் புடைக்கும். இரண்டுக்கும் நடுவே, விரல்களை எளிதாக உயர்த்தி இறக்கக்கூடிய ஓர் இடம் உண்டு. மெல்ல முன்னும் பின்னும் ஆடி, ஆட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே வந்தால் அது பிடிபடும்.

பூங்காவில் புல்தரை அழகாக இருந்தாலும் மேடு பள்ளம் அதிகம். ஆரம்பத்தில் நடைபாதையின் சமதளத்தில் நில்லுங்கள். தட்டையான, மெல்லிய அடிப்பாகம் உள்ள காலணி நல்லது. ஓட்டப்பயிற்சிக் காலணியில் குதிகால் உயர்ந்திருப்பதால் உடம்பு தானாக முன்னே சாயும். வீட்டில் பளிங்குத் தரையில் வெறுங்காலோடு நின்று பழகுவது இன்னும் நல்லது. நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் வெளியே வெறுங்காலோடு நிற்கவே கூடாது. உள்ளங்கால் உணர்வு குறைந்திருந்தால் கல் குத்தியது தெரியாது, எடை விழும் இடமும் சரியாகத் தெரியாது.

இப்போது முக்கியமான இடம். தொடை வயிற்றோடு சேரும் மடிப்பு, தொடை இடுக்கு, இருக்கிறதல்லவா? தாய்ச்சிக்காரர்கள் அதையும் அதன் உள்ளே இருக்கும் இடுப்பு மூட்டையும் சேர்த்துக் 'குவா' என்பார்கள். உங்கள் முழங்கால் வலிக்கான விடை அநேகமாக அங்கேதான் இருக்கிறது.

புதிதாக நிற்பவரிடம் "முழங்காலை மடக்கு" என்றால் அவர் முழங்காலை மட்டும் மடக்குவார். இடுப்பு மூட்டு மடியாது. அப்போது முழங்கால் முன்னே போகும், இடுப்பு அதன் பின்னே போகாமல் முன்னாலேயே நிற்கும், மேலுடம்பு பின்னால் சாயும். மேலுடம்பு பின்னால் போன அளவுக்கு அதைத் தாங்கிப் பிடிக்கும் வேலை முன்தொடைத் தசைக்கு வரும். அந்தத் தசை இழுக்க இழுக்க முழங்கால் சில்லு தனக்குப் பின்னால் உள்ள தொடை எலும்பின் மேல் அழுந்தும். முழங்கால் வளைவு கூடக் கூட இந்த அழுத்தம் பல மடங்கு ஏறும். ஐம்பது வயதைத் தாண்டிய சில்லின் குருத்தெலும்பு அதை நீண்ட நேரம் விரும்பாது. வலிக்கிறது.

இடுப்பு மூட்டும் சேர்ந்து மடிந்தால் கதை மாறும். பிட்டம் சற்றே பின்னால், கீழே போகும், முழங்கால் பாதத்துக்கு மேலேயே இருக்கும், பாரத்தைப் பிட்டத் தசையும் பின்தொடையும் பங்குபோட்டுக்கொள்ளும். முன்தொடை உழைக்கும், ஆனால் தனியாக உழைக்காது.

இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம், செய்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் புரியும். வீட்டில் உயரமான முக்காலி ஒன்றின் முன்னால் முதுகு காட்டி நில்லுங்கள். இரு உள்ளங்கைகளின் விளிம்பையும் தொடை இடுக்கில் வையுங்கள். முக்காலியில் உட்காரப் போவதுபோல் மெதுவாகப் பின்னால் இறங்குங்கள். கை விளிம்பை மடிப்பு உள்ளே இழுத்துக்கொள்வது தெரியும். பிட்டம் முக்காலியைத் தொட்டும் தொடாத இடத்தில் நிறுத்துங்கள், எடையை அதன்மேல் வைக்க வேண்டாம். இப்போது மேலுடம்பை மட்டும் நிமிர்த்துங்கள். கையை உள்ளிழுத்த மடிப்பு அப்படியே இருக்க வேண்டும். பிறகு அந்த மடிப்பை இழக்காமல் மெல்ல மேலே எழும்பிக்கொண்டே வாருங்கள். ஓர் உயரத்தில் முழங்காலில் எந்த அழுத்தமும் இல்லாமல், தொடை இடுக்கும் மென்மையாக மடிந்தே இருக்கும். உங்களுடைய நிற்கும் உயரம் அதுதான். முழு நிமிர்வுக்கும் அதற்கும் சில அங்குலம்தான் வித்தியாசம் இருக்கும். போதும். குறிப்பாக உங்கள் வயதில் இன்னும் தாழ நிற்பதால் எந்தத் தனிப் பலனும் இல்லை.

முழங்கால் போகும் திசையையும் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் சில்லு இரண்டாம் விரலின் நேரே இருக்க வேண்டும். பெண்கள் பலருக்கு முழங்கால்கள் உள்பக்கம் சரியும், கூடவே பாதத்தின் வளைவும் தட்டையாகும். அதைத் திருத்த முழங்காலைத் தசையால் வெளியே தள்ள வேண்டாம். கவட்டையின் உள்பக்கம் அகன்று, தொடைகளுக்கு நடுவே ஒரு வளைவு இருப்பதாக எண்ணிக்கொண்டாலே தொடை எலும்பு சற்று வெளிப்பக்கம் சுழலும், பாத வளைவும் எழும். சில்லு பெருவிரல் நுனியைத் தாண்டி முன்னே போனால், நீங்கள் இன்னும் முழங்காலில்தான் மடங்குகிறீர்கள். முக்காலிக்குத் திரும்பிப் போங்கள்.

யோகா பழகியவர் என்பதால் உங்களுக்கு இங்கே ஒரு கூடுதல் சிக்கல் இருக்கும். தாடாசனத்தில் தொடைத் தசையை இறுக்கிச் சில்லை மேலே தூக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்த ஆசனத்துக்கு அது பொருந்தும். இங்கே சில்லு தளர்ந்து, விரலால் தொட்டு அசைக்கும்படி இல்லாவிட்டாலும் பூட்டிய இறுக்கம் இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டையும் கலக்காதீர்கள். அந்தந்த நேரத்தில் அந்தந்த விதி.

அடுத்தது வாலெலும்பு. இதில்தான் ஆசிரியர்களிடையே மிகுந்த கருத்து வேறுபாடு. "வாலெலும்பை உள்ளே மடக்கு, கீழ்முதுகைத் தட்டையாக்கு" என்று சிலர் வற்புறுத்துவார்கள். சீனர்கள் கீழ்முதுகில் தொப்புளுக்கு நேர் பின்னே உள்ள இடத்தை மிங்மென் என்பார்கள். அந்த இடம் திறக்க வேண்டும், நிறைய வேண்டும் என்பது பழைய விதி. அதைப் பிட்டத்தை இறுக்கி முன்னே தள்ளுவது என்று புரிந்துகொண்டால் தொடை இடுக்கின் மடிப்பு திறந்து போகிறது, இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் வீணாகிறது, எடை மீண்டும் முழங்காலுக்கே வருகிறது. என் கருத்து இதுதான்: வாலெலும்பு தரையை நோக்கிக் கனமாகத் தொங்கட்டும், அவ்வளவே. பிட்டத் தசையைக் கையால் தொட்டுப் பாருங்கள். மென்மையாக இருந்தால் சரி. கல்லாக இருந்தால் மடக்குகிறீர்கள். கீழ்முதுகின் இயல்பான வளைவு கொஞ்சம் குறையும், முழுக்க மறைய வேண்டியதில்லை. அடிவயிறு தளர்ந்து மூச்சு அங்கே இறங்கும்போது கீழ்முதுகு உள்ளிருந்து பின்னே நிறைவதை உணர்வீர்கள், அதுதான் அந்தப் பழைய விதி கேட்பது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வூ ஜியான்சுவான் (1870–1942) வழிவந்த வூ பாணியில் மேலுடம்பு முன்னே சாய்ந்தே இருக்கும். தலை உச்சியிலிருந்து குதிகால் வரை ஒரே சாய்கோட்டில் நேராக இருப்பதை அவர்கள் கேட்கிறார்கள். அந்த மரபுக்காரர் ஒருவர் உங்களை முன்னே சாய்த்தால், யாங் பாணிக்காரர் நிமிர்த்தினால், ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். ஒரே நேரத்தில் இருவரிடம் கற்காதீர்கள், அதுதான் வழி.

நெஞ்சைப் பற்றிச் சுருக்கமாக: 'நெஞ்சைத் தளர்த்து, முதுகை உயர்த்து' என்பதைப் பலர் கூன் போடுவதாகச் செய்கிறார்கள். ராணுவ வீரர் போல நெஞ்சைத் தூக்காமல் இருந்தால் போதும். மார்பெலும்பு கீழ்நோக்கி மெல்ல இளகும், விலா எலும்புகள் இடுப்பின்மேல் நேராக அமரும், முதுகு அகலும். மூச்சு இறுகினால் அளவு மீறிவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தோள்தான் உங்களுக்கு நடுங்குகிறது. காரணம் எளிது. நெஞ்சு உயரத்தில் இரு கைகளையும் தூக்கிப் பிடிப்பது தோள்பட்டையின் சிறு தசைகளுக்குப் பெரிய வேலை. களைத்த தசை நடுங்கும். பெரும்பாலும் கழுத்துத் தசையும் உதவிக்கு வந்து தோளைக் காதுப் பக்கம் தூக்கிவிடும், அதைத்தான் உங்கள் சிஃபு தொட்டு 'லெப்பாஸ்' என்கிறார். ஆனால் ஆரம்பத்திலேயே நெஞ்சு உயரத்தில் கையை வைத்துக்கொண்டு விடு என்றால் எப்படி விடுவது? அதனால்தான் முதல் சில வாரம் கைகளைத் தொங்கவிட்ட வூஜி நிலை போதும் என்கிறேன். அக்குளில் ஒரு கோழி முட்டை நுழையும் அளவு இடம் விட்டு, கைகள் கொடியில் காயப்போட்ட சட்டையின் கைபோலத் தொங்கட்டும். இது பழகிய பிறகு கைகளைத் தொப்புள் உயரத்தில், பெரிய பந்தை அடியிலிருந்து ஏந்துவதுபோல் வையுங்கள். நெஞ்சு உயரம் அதற்கும் பிறகு. அந்த நிலைக்கு வரும்போது முழங்கை எப்போதும் மணிக்கட்டைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முழங்கை வெளிப்பக்கம் உயர்ந்தால் தோளும் கூடவே உயரும், ஒன்றை இறக்காமல் மற்றதை இறக்க முடியாது. மணிக்கட்டு மடியாமல், விறைக்காமல், புறங்கையிலிருந்து முன்கை வரை ஒரே கோடாக இருக்கட்டும். செங் மான்சிங் இதை 'அழகியின் கை' என்று சொல்லிக் கொடுத்தார்.

தலை நாலரை, ஐந்து கிலோ எடை கொண்டது. அது ஓர் அங்குலம் முன்னே போனாலும் கழுத்தின் பின்புறத் தசை நாள் முழுக்க இழுத்துப் பிடிக்க வேண்டும். கைத்தொலைபேசிக் காலத்தில் எல்லோருக்கும் அது முன்னேதான் இருக்கிறது. முகவாயைக் கொஞ்சம் உள்ளிழுத்து, உச்சந்தலையின் பின்பகுதி ஒரு நூலால் மேலே இழுக்கப்படுவதாக எண்ணச் சொல்வது பழைய உத்தி. அது நன்றாகவே வேலை செய்கிறது. நாக்கின் நுனி மேற்பல்லின் பின்னே மேலண்ணத்தைத் தொடட்டும். பற்கள் கடித்திருக்க வேண்டாம். கண் திறந்தே இருக்கட்டும், தொலைவில் மரம் ஏதாவது ஒன்றை உற்றுப் பார்க்காமல் பாருங்கள். கண்ணை மூடினால் சமநிலை குறையும். அனுபவம் வரும்வரை மூட வேண்டாம்.

இப்போது சீ. என் நிலைப்பாட்டை நேராகச் சொல்கிறேன். தாய்ச்சி மரபில் சீ, டான்டியன் என்ற சொற்கள் நூற்றாண்டுகளாகப் பயிற்சியை வழிநடத்தி வந்திருக்கின்றன. அவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் புதியவர் சீயைத் தேடினால் நிற்கும் நிலை கெடுகிறது. எதையோ எதிர்பார்த்து உடம்பு இறுகும், கவனம் உள்ளங்கைக்குப் போய்விடும், முழங்கால் என்ன செய்கிறது என்று தெரியாது. பக்கத்து ஆண்ட்டிக்குக் கை சூடாவது உண்மைதான். தோள் தளர்ந்து ரத்த நாளங்கள் விரியும்போது விரல் நுனிகளில் சூடும் குறுகுறுப்பும் கனமும் வரும். அவர் பல வருடம் நின்றவராக இருக்கலாம். உங்களுக்கும் வரும், வராமலும் போகலாம், இரண்டாலும் நிலையின் தரம் மாறாது. மனத்தை வைக்க ஓர் இடம் வேண்டுமென்றால் டான்டியன் இருக்கிறது: தொப்புளுக்கு மூன்று விரல் கீழே, வயிற்றின் உள்ளே. அங்கே லேசாகக் கவனத்தை வைத்து மூச்சைக் கவனியுங்கள். சீயை முதுகில் ஏற்றி நெஞ்சில் இறக்கும் சுற்றுகளையெல்லாம் ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் காணொளி பார்த்துச் செய்ய வேண்டாம்.

மூச்சை நிறுத்தாதீர்கள். யோகாவில் கும்பகம் பழகியிருந்தால் அதை இங்கே கொண்டுவர வேண்டாம். மூச்சை அடக்கி வயிற்றை இறுக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும், உங்களுக்கு அது வேண்டாத ஒன்று. மூக்கு வழியே, இயல்பான வேகத்தில், வயிறு தானாக அசையும்படி விட்டுவிடுங்கள்.

உடம்பு மெல்ல ஆடுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நின்றிருக்கும் எந்த மனித உடம்பும் முழுக்க அசையாமல் இருப்பதில்லை. கணுக்காலைச் சுற்றிய தசைகள் நொடிக்கு நொடி திருத்திக்கொண்டேதான் இருக்கின்றன. அந்தத் திருத்தத்தைக் கூர்மையாக்குவதுதான் இந்தப் பயிற்சியின் நேரடிப் பலன்களில் ஒன்று என்று நான் நம்புகிறேன். 2012-ல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் 195 பார்கின்சன் நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், வாரம் இருமுறை 24 வாரம் தாய்ச்சி செய்தவர்கள், எடைப் பயிற்சியோ நீட்டல் பயிற்சியோ செய்தவர்களைவிட உடல் சமநிலையில் முன்னேறினார்கள். நீட்டல் குழுவைவிடக் குறைவாகவே விழுந்தார்கள். அது முழுத் தாய்ச்சிப் பயிற்சி, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றும் அசைவுகள் நிறைந்தது. வெறும் நிற்றலுக்கு அதே பலனைக் கோர முடியாது. ஆகவே சிஃபு நடையும் அசைவும் கற்றுக் கொடுக்கத் தொடங்கும்போது "நான் நின்றுகொண்டே இருக்கிறேன்" என்று ஒதுங்கிவிடாதீர்கள்.

நேரத்துக்கு வருகிறேன். மூன்று நிமிடத்தில் தொடங்குங்கள். தினமும் மூன்று நிமிடம் சரியாக நிற்பது, வாரத்துக்கு ஒருநாள் அரை மணி நேரம் பல்லைக் கடித்து நிற்பதைவிட மேல். முழங்காலில் எதுவும் தெரியாமல், தோள் ஏறாமல் நிற்க முடிந்தால் வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டலாம். பத்து நிமிடம் வந்தால் நல்ல அளவு. மற்றவர்கள் நாற்பது நிமிடம் நிற்கிறார்களே என்று பார்க்க வேண்டாம். கோலாலம்பூரின் தித்திவங்சா ஏரிப் பூங்காவில் என்னோடு பயில்பவர்களில் முழங்காலைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்கள் பெரும்பாலும் வேறெங்கோ இந்த ஒப்பீட்டில் விழுந்தவர்கள்.

எந்த நடுக்கம் சரி, எது சரியல்ல என்று கேட்டிருந்தீர்கள். தொடையின் நடுச்சதையில் வரும் சூடும் மெல்லிய நடுக்கமும் தசை உழைப்பது, அதை ஏற்கலாம். சில்லுக்கு அடியிலோ முழங்காலின் உள்பக்கத்திலோ கூர்மையாகத் தெரிவது, கால் மரத்துப் போவது, இடுப்பிலிருந்து காலுக்கு மின்னல்போல் இறங்குவது, இவை எதுவும் பயிற்சியின் பகுதியல்ல. உடனே எழுந்து நடந்துவிடுங்கள்.

மயக்கத்தைப் பற்றியும் கவனம் வேண்டும். அசையாமல் நிற்கும்போது ரத்தம் கால்களில் தேங்கும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை அதை மேலே தள்ளும், நிற்கும்போது அந்த வேலை குறைகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் தோலின் ரத்த நாளங்களும் விரிந்திருக்கும். ரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்தால் தலை சுற்றலாம். முழங்காலைப் பூட்டி நிற்பவர்களுக்கு இது இன்னும் எளிதாக வரும். கண் மங்குவது, காது அடைப்பது, குமட்டுவது, வியர்வை சில்லென்று ஆவது ஆகியவை முன்னறிவிப்பு. உடனே உட்காருங்கள், வெட்கப்படாதீர்கள். இங்கே ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது, எட்டரைக்குள் முடித்துவிட்டால் வெயிலும் இல்லை. வெறும் வயிற்றோடு போகாமல் கொஞ்சமாவது பசியாறி, தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். மாத்திரை சாப்பிடும் நேரத்தைப் பற்றி உங்கள் கிளினிக்கில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம்.

முடிக்கும்போதும் சட்டென்று விட்டுவிட்டுப் பேசப் போகாதீர்கள். கைகளை மெல்லக் கீழே இறக்கி, தொடை இடுக்கு திறக்க எழும்பி, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்குச் சில முறை மாற்றி, பிறகு அருவிச் சாலைப் பக்கமோ பூங்காவுக்குள்ளேயோ கொஞ்சம் நடங்கள். எடை மாறும்போது நிற்கையில் பழகிய மடிப்பு எந்தக் காலில் ஆழமாகிறது என்று பார்த்தால், தாய்ச்சியின் முதல் அசைவுக்கான பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

கடைசியாக, மொழிச் சிக்கல். நிற்கும் நிலையை எழுத்திலோ காணொளியிலோ ஓரளவுதான் கற்க முடியும். தெரிந்தவர் கை பட்டுத் திருத்தினால்தான் உடம்புக்கு விளங்கும். சிஃபு ஆண், நீங்கள் தமிழ்ப் பெண், இடுப்பைத் தொட அவரே தயங்கக்கூடும். அப்படியானால் குழுவில் மூத்த மாணவியான அந்த ஆண்ட்டியிடமே கேளுங்கள். கைவிளிம்பை உங்கள் தொடை இடுக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பிட்டம் இறுகியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சிஃபுவிடம் "லுத்துட் சாயா சக்கிட்" (என் முழங்கால் வலிக்கிறது) என்று முழங்காலைக் காட்டிச் சொன்னால் போதும், பினாங்கில் அதற்குமேல் மலாய் தேவைப்படாது. நல்ல ஆசிரியர் உடனே உங்களை உயர்த்தி நிற்க வைப்பார், அல்லது கைகளை இறக்கச் சொல்வார். தாங்கிக்கொள் என்று சொன்னால் வேறு குழு தேடுங்கள், பூங்காவிலேயே இன்னும் சில குழுக்கள் இருக்கும். நிற்கும் உயரத்தைக் கூட்டித் திருத்திய பிறகும் இரண்டு வாரத்தில் வலி போகாவிட்டால், முழங்கால் வீங்கினால், படி இறங்கும்போது நழுவுவதுபோல் இருந்தால், நிற்பதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ பாருங்கள். அதுவரை கை அசைவுகளை மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து பழகலாம். தோள் இறங்குவதையும் முழங்கை தொங்குவதையும் உட்கார்ந்தே கற்க முடியும்.